பார்வை பார்க்கிற அக்கா

பெருங்காயத்தால்தான் எல்லாம் தொடங்கியது. நாங்கள் மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியேறிய முதலாவது குளிர்காலம். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எதிர்வீட்டுக் கைக்குழந்தை ஒரு பின்னேரம் முழுவதும் வீரிட்டு அழுதது. தாயும் தகப்பனும் நாட்டுக்கும் புதிது, பிள்ளை வளர்ப்புக்கும் புதிது. எனக்கோ மண்டையைப் பிளக்கும் தலையிடி. பொறுக்க முடியாமல் கதவைத் தட்டி, குழந்தையை வாங்கி மடியில் கிடத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பெருங்காயத்தைக் குழைத்து அதன் தொப்புளைச் சுற்றித் தடவினேன். கை தடவத் தடவ வாய் தன்பாட்டில் ஏதோ முணுமுணுத்தது. பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனையில் பாடிப் பழகிய தேவாரம் அது. கடைசியாக நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு பூசிவிட்டேன். குழந்தை நன்றாகக் காற்றுவிட்டது. பிறகு உறங்கிப்போனது.

நானும் வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். என்னைப் பொறுத்தவரை கதை அத்தோடு முடிந்தது. எதிர்வீட்டாருக்கு அப்படி இல்லை. இரண்டு நாள் கழித்து அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி பிள்ளையோடு வந்தாள். "அக்கா, நீங்கள் பார்வை பாக்கிறனீங்களாம், இவனையும் ஒருக்காப் பாருங்கோ" என்றாள். பார்வை பார்ப்பதென்றால் திருநீறு போட்டு, வேப்பிலையால் தடவி, மந்திரம் சொல்லி நோயை இறக்குவது. எனக்கு மந்திரமும் தெரியாது, மொன்றியலில் வேப்பிலையும் கிடையாது. "எனக்கு உதொண்டும் தெரியாது" என்று நேரே சொன்னேன். அவள் சிரித்தாள். "தெரிஞ்ச ஆக்கள் எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றாள்.

அந்தப் பதிலுக்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் ஒன்றுதான். தெரியும் என்றால் தெரியும். தெரியாது என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு கறிவேப்பிலை நெட்டை எடுத்து அந்தப் பொடியனைத் தடவி அனுப்பினேன். அவனுக்கு இருந்தது சாதாரணத் தடிமன், மூக்கடைப்பு. தடிமன் தன்பாட்டில் மாறியது. பெயர் எனக்கு வந்தது.

நாவூறு கழிப்பதும் அப்படியே வந்து சேர்ந்தது. கண்பட்டது, வாய்பட்டது என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். செத்தல் மிளகாய், உப்பு, கடுகு எல்லாவற்றையும் கையில் பொத்தித் தலையைச் சுற்றி அடுப்பில் போட வேண்டும். மிளகாய் கமறினால் நாவூறு இல்லை, கமறாவிட்டால் இருந்தது என்பது கணக்கு. ஊரில் முற்றத்தில் செய்கிற வேலையை மூன்றாம் மாடிச் சமையலறையில் செய்தால் என்ன நடக்கும்? புகை மணி அலறியது. கட்டடச் சொந்தக்காரரான கிரேக்கக் கிழவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். இருமி இருமி அவருக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் ஏசினார். பிறகு தாயின் மடியில் கிடந்த பிள்ளையையும் அடுப்பையும் பார்த்தார். கண்ணைத் தொட்டுக் காட்டி, இதற்கோ என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். தன் ஊரிலும் உண்டு, அங்கே தண்ணீரில் எண்ணெய் விடுவோம், மிளகாய் போட மாட்டோம் என்று சொல்லி, பின்பக்க பால்கனியைக் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து குளிரோ வெயிலோ, என் அலுவலகம் அந்த பால்கனிதான்.

என் மனுசன் துறைமுகத்திலிருந்து கொன்ரெய்னர் லொறி ஓட்டுகிறவர். அவருக்கு இது நல்ல பகிடி. "இஞ்சாரும், என்ரை லொறி ரயர் அடிக்கடி காத்துப் போகுது, அதுக்கும் ஒரு நூல் கட்டிவிடுமன்" என்பார். தொலைபேசி எடுத்தால், "சூனியக்காரி வீடு, யார் கதைக்கிறது?" என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுப்பார். ரொறன்ரோவிலிருந்துகூட அழைப்பு வந்தது. பிள்ளையின் காதருகே ஸ்பீக்கர்போனை வைத்துக்கொண்டு, "சொல்லுங்கோ அக்கா" என்பார்கள். நான் இங்கே குசினியில் வெங்காயம் வெட்டியபடி தேவாரம் சொல்வேன். தொலைபேசி வழியே நோய் இறங்கிப் போனதாம்.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பகலில் நான் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தலைக்கு வலை, வாய்க்கு மூடி, கைக்கு உறை. அங்கே நான் இரண்டு கைகள் மட்டுமே. என் பெயரை மேற்பார்வையாளர் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் படியில் ஒரு தாய் பிள்ளையோடு காத்துக்கொண்டிருப்பாள், என்னைக் கண்டதும் எழும்பி நிற்பாள். அந்த எழும்பி நிற்றல் யாருக்குத்தான் பிடிக்காது? காய்ச்சல் கடுமை என்றால் நான் திருநீற்றைப் பூசிக்கொண்டே டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். ஒருவருக்கும் கெடுதல் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

தொழிற்சாலையில் என் பக்கத்து இருக்கையில் ஒரு இளம் கியூபெக் பெண் வேலை செய்தாள். கறுப்பு நகப்பூச்சு, கழுத்தில் நட்சத்திரம் வைத்த ஒரு சங்கிலி. வேலை தொடங்கும் முன் சங்கிலியைக் கழற்றிப் பையில் வைக்கும்போது ஒவ்வொரு நாளும் அதை முத்தமிடுவாள். ஒருநாள் சாப்பாட்டு அறையில் தான் ஒரு சொர்சியேர் என்று சொன்னாள். எனக்கு இருந்த அரைகுறை பிரெஞ்சில் அந்தச் சொல் இல்லை. அவள் விளக்குமாற்றில் பறப்பதுபோலக் கையால் காட்டியபோதுதான், சூனியக்காரி என்கிறாள் என்று விளங்கியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். யாரும் பழி சொல்லவில்லை, யாரும் பின்னால் முணுமுணுக்கவில்லை. அவளாகவே, சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு, நான் பல் டாக்டருக்குப் படிக்கிறேன் என்பதுபோலச் சொல்கிறாள்.

சான்தெனி தெருவில் இதற்கென்றே கடை இருக்கிறதாம். மெழுகுதிரி, மூலிகை, கல் எல்லாம் கிடைக்குமாம். பௌர்ணமிக்குச் சிநேகிதிகள் பூங்காவில் கூடுவார்களாம். நானும் என் பால்கனியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீயும் சொர்சியேர், உனக்கு அது இரத்தத்தில் வந்தது, எனக்குப் புத்தகத்தில் வந்தது, நீ அதிர்ஷ்டக்காரி என்றாள். அவளுடைய கண்ணில் உண்மையாகவே பொறாமை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன். எங்கள் ஆட்கள் மத்தியில் அந்தச் சொல்லை ஒரு பெண் தானே எடுத்துச் சூடிக்கொள்வதில்லை. அதை மற்றவர்கள் சூட்டுவார்கள். பிறகு கழற்ற முடியாது.

எங்களுக்குக் கீழே, இரண்டாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி நேரே இங்கே வந்தவள். கணவன் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு ஏறியவர். அவளுக்கு இங்கே தாயுமில்லை, சகோதரியுமில்லை. ஒரு கத்தரிக்காய்க்குக்கூட மேலே ஏறி வருவாள். "அக்கா, உங்களிட்டைக் கதைச்சால்தான் எனக்குப் பொழுது போகும்" என்பாள். நான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். அவள் எனக்குத் தமிழ்க் கடையில் கேட்ட ஊர்ப் புதினமெல்லாம் கொண்டுவருவாள். இந்த ஊரில் எனக்கென்று ஒருத்தி இருந்தாள் என்றால் அது அவள்தான்.

அவள் கர்ப்பமானபோது தன் கணவனுக்குச் சொன்ன கையோடு எனக்குச் சொன்னாள். அப்பம், தோசை, புளிக்கஞ்சி என்று கேட்டதெல்லாம் செய்து கொடுத்தேன். மாதம் ஏற ஏற அவளுக்குப் பயம் கூடியது. சும்மா வயிறு இழுத்தாலும் பயம். இரண்டு முறை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடி, மணிக்கணக்கில் காத்திருந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் முறை தாதி சிரித்துவிட்டாளாம். அது அவளுக்கு வெட்கமாகிவிட்டது. இனிச் செத்தாலும் அங்கே போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேலே ஏறி வந்து கதிரையில் இருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, முந்தநாள் துவக்கம் பிள்ளை அசையேல்லை."

அதற்குப் பார்வையும் இல்லை, மந்திரமும் இல்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பது எங்கள் கட்டடம் முழுவதற்கும் தெரியும். எனக்கு ஒன்று வயிற்றில் இருந்தது என்பது என் மனுசனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வெளிநாடு வரக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக்கிடந்த காலத்தில், இதே ஆறாம் மாதத்தில், அது அசையாமல் போனது. நித்திரையாக்கும் என்று மூன்று நாள் சும்மா இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. அதனால்தான் அவள் சொன்ன வாயை மூடுமுன்பே நான் எழும்பிவிட்டேன்.

"வெளிக்கிடு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

"வேண்டாம் அக்கா. போய் நாள் முழுக்கக் குந்தியிருந்து, பேந்தும் சிரிச்சு அனுப்புவினம். நீங்கள் ஒருக்காப் பாருங்கோ. உங்கடை கை பட்டால் சரியாகும்."

"என்ரை கையிலை ஒண்டுமில்லை, பிள்ளை. சொன்னாக் கேள்."

"ஏன் அக்கா? ஊரிலை உள்ள எல்லாருக்கும் பாக்கிறியள். எனக்கு மட்டும் மாட்டியளோ?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் அவளை இழுத்துப் பார்த்தேன், கெஞ்சினேன், ஏசினேன். கதிரையைவிட்டு அசையவில்லை. நான் மறுக்க மறுக்க அவளுடைய முகத்தில் புதிதாக ஒரு பயம் ஏறியது. இந்த அக்கா எதையோ கண்டுவிட்டாள், அதனால்தான் தொட மறுக்கிறாள் என்ற பயம். தொட்டால் அதோடு திருப்திப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள். தொடாவிட்டால் பயந்து சாவாள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

நான் செய்தது இதுதான். சாமிப் படத்தடிக்குப் போய் மஞ்சள் பூசிய நூல் ஒன்றை எடுத்தேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றேன். வந்து அவளுடைய மணிக்கட்டில் நூலைக் கட்டி, திருநீறு பூசி, எனக்கே பழக்கமில்லாத ஒரு குரலில் சொன்னேன்.

"இந்த நூல் வேலை செய்யவேணும் எண்டால், பொழுதுபட முன்னம் நீ ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சிருக்கவேணும். டாக்குத்தரின்ரை கை வயித்திலை படவேணும். இல்லையெண்டால் கட்டினது பலிக்காது."

உடனே எழும்பிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அரை மணித்தியாலம் மன்றாடியபோது அசையாதவள், நூல் சொன்னதும் சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கி ஓடினாள். கணவனை வேலையிலிருந்து கூப்பிட்டு, டாக்சி பிடித்துப் போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். என் கெட்டித்தனத்தை எண்ணி எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. இந்தச் சூனியக்காரிப் பட்டத்தால் கடைசியில் ஒரு நன்மை என்று நினைத்தேன்.

பிள்ளையின் இருதயம் ஏற்கனவே நின்றிருந்தது. நின்று சில நாட்கள் ஆகியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மறுநாள் அவளுக்கு மருந்து ஏற்றி, பெறுவதுபோலவே பெறவைத்து, அதைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்களாம். இதையெல்லாம் கணவன்தான் படியில் நின்று, சுவரைப் பார்த்தபடி எனக்குச் சொன்னார்.

பிள்ளைப்பெற்றவளுக்குக் காய்ச்சும் சரக்குக் கறியை நான் காய்ச்சினேன். மிளகு, மல்லி, உள்ளி, மஞ்சள் எல்லாம் அரைத்து, மீன் போட்டு. பிள்ளை இல்லாவிட்டாலும் உடம்பு பெற்ற உடம்புதானே. எனக்கு அன்று கொழும்பில் அதைக் காய்ச்சித்தர ஒருவரும் இருக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். கதவு சங்கிலி போட்டபடி கொஞ்சம் திறந்தது. நடுவில் அவளுடைய முகம் பாதி தெரிந்தது. கையில் நூல் இல்லை.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். உங்களுக்கு முதலே தெரியும், என்ன?"

"என்னத்தைப் பிள்ளை?"

"நீங்கள் ஒருநாளும் ஒருத்தரையும் அப்பிடிக் கலைக்கேல்லை. எழும்பி நிண்டு, பொழுதுபட முன்னம் எண்டு நேரமும் குறிச்சனீங்கள். எப்பிடித் தெரியும்?"

நூலெல்லாம் பொய், உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "பொய்யெண்டால் மற்றப் பிள்ளையளுக்கு எப்பிடிச் சுகமானது?" என்று கேட்டாள். நான் இவ்வளவு காலமும் அவளுக்கு முன்னாலேயே செய்து காட்டியதெல்லாம் இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். என் மனுசனோடுகூட நான் கதைக்காத உண்மை.

"எனக்கும் உப்பிடி ஒருக்கா நடந்தது, பிள்ளை. இதே ஆறாம் மாசம். அதாலைதான் பயந்தனான்."

அவள் என்னையே பார்த்தாள். நான் அழுதுகொண்டு நின்றேன். அவளும் அழுவாள், சங்கிலியைக் கழற்றுவாள், இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம் என்று என் மனம் சொன்னது. அவளுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"அப்ப உங்களுக்குத் தங்காதது எனக்கும் தங்கக்கூடாது எண்டு நினைச்சிருக்கிறியள்."

"ஐயோ, இல்லையடி—"

"ஒவ்வொரு நாளும் என்ரை வயித்தைப் பாத்துக்கொண்டிருந்தியள், அக்கா. தடவித் தடவிப் பாத்தியள். நான்தான் விசரி, விளங்கேல்லை."

கதவு மூடியது. நான் சட்டியோடு அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கறி ஆறிவிட்டது. அவள் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்பதுதான் என்னைக் கொன்றது. அந்த வயிற்றை நான் ஆசையோடு பார்த்தேன்தான். ஆசையாகப் பார்த்த கண்ணுக்கும் பொறாமையாகப் பார்த்த கண்ணுக்கும் வித்தியாசம் காட்ட எந்த டாக்டரால் முடியும்? நான் யாரிடம் போய் நிரூபிப்பது?

கழிக்கத் தெரிந்தவளுக்கு வைக்கவும் தெரியும் என்று கதை பரவியது. யார் பரப்பினார்களோ, அவள் வாய் திறந்ததாக நான் கேள்விப்படவில்லை. படியில் காத்துக்கொண்டு நிற்கும் தாய்மார் மறைந்தார்கள். தமிழ்க் கடையில் என்னைக் கண்டால் பிள்ளைகளின் முகத்தைத் தொப்பியால் மூடினார்கள். ஜோன்-தாலோன் தெருவில் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி என்னைக் கண்டு, பேருந்து வருவதையும் பாராமல் மறுபக்கம் கடந்தாள். எனக்குப் பயம் அவளை நினைத்துத்தான் வந்தது. விழுந்திருந்தால் அதுவும் என் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும்.

தொலைபேசி மட்டும் நிற்கவில்லை. வேறு வகை ஆட்கள் அழைக்கத் தொடங்கினார்கள். ஒருவருக்குத் தன் மைத்துனரின் கடை படுக்க வேண்டுமாம். ஒருத்திக்குத் தன் மச்சாளின் சம்பந்தம் குழம்ப வேண்டுமாம். "அக்கா, கட்டாயம் உங்களாலை ஏலும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். விளம்பரம் நன்றாகத்தான் போயிருந்தது. என் மனுசன் பகிடியை நிறுத்திவிட்டார். தொலைபேசி அடித்தால் எழும்பிப்போய் அதன் வயரைப் பிடுங்கிவிடுவார். அவர் சிரிக்காமல் இருந்ததைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சாப்பாட்டு அறையில் என் கியூபெக் சிநேகிதியிடம் தட்டித்தடுமாறிச் சொன்னேன். எனக்கு ஒரு சக்தியும் இல்லை, நான் அவளை அனுப்பியது என் சொந்த அனுபவத்தால் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கண்ணீர் விட்டாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என் காதருகே, ஆனால் நீ உணர்ந்தாய் அல்லவா, உன் சக்தியை நீ மறுக்கக்கூடாது என்றாள். நல்ல பிள்ளை. மனதாரத்தான் சொன்னாள். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள், இவள் என்னைப் பார்த்து வியந்தாள். ஒன்றும் தெரியாத ஒரு சாதாரண மனுசியாக என்னை விட்டுவைக்க அந்த நகரத்தில் ஒருவரும் தயாராக இல்லை.

கீழ்வீட்டுக்காரர் இரண்டு பேரும் நகரின் மேற்கு ஓரத்து ரொக்ஸ்பரோவில் கணவனின் தமையன் வீட்டுக் கீழ்த்தளத்துக்குக் குடிபோனார்கள். சாமான் ஏற்றியபோது நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். போகிற நேரம் என் முகத்தில் விழித்தது என்று பிறகு ஒரு கதை வேண்டாம் என்றுதான்.

அதற்கடுத்த குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு காலை, கதவு மணி அடித்தது. திறந்தால் அவளுடைய கணவன். தோளெல்லாம் பனி.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனான் அக்கா. பாத்திட்டுப் போவம் எண்டு" என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதன். உள்ளே வந்து கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணீரை வாங்கினார், வாயில் வைக்கவில்லை. அவள் எப்படி என்று கேட்டேன். சுகம் என்றார். பிறகு, "நாலு மாசம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷம் என்று நான் சொன்னாலும் அது ஒரு சொல்தானே, வாய்பட்டதாகிவிடும்.

போக எழும்பினார். வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். கட்டினார், கட்டினார், முடியவில்லை. நான் குசினிப் பக்கம் திரும்பியதும், சட்டைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுப்பது வாசல் கண்ணாடியில் தெரிந்தது. சப்பாத்துகள் வைக்கும் தட்டில், உருகிய பனியில் தேங்கிக் கிடந்த மண்ணையும் சின்னக் கற்களையும் விரலால் வழித்தார்.

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஆட்கள் யாருக்கும் விளங்கும். இன்னாருடைய கண்தான் பட்டது என்று தெரிந்துவிட்டால் வெறும் மிளகாயும் உப்பும் போதாது. அந்த ஆளின் காலடி மண்ணை எடுத்து, அதையும் சேர்த்துச் சுற்றி எரிக்க வேண்டும். மண்ணே கண்ணில் படாத மொன்றியல் குளிர்காலத்தில், வழுக்காமலிருக்க நடைபாதையில் நகரசபை கொட்டும் கல்லும் உப்பும்தான் காலடி மண். அவளுக்கு என்னுடையது வேண்டியிருந்தது. ஜன்னலால் பார்த்தேன். கீழே தெருவோரம் கார் புகைத்துக்கொண்டு நின்றது. முன் இருக்கையில் அவள், சால்வையால் வயிற்றை மூடி, தலையைக் குனிந்து. இந்த வீட்டுப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கோபம் வந்தது. சட்டியைத் தூக்கி எறிகிற கோபம். அவரைப் படியால் தள்ளிவிடலாம்போலவும் இருந்தது. பிறகு அவருடைய விரல்களைப் பார்த்தேன். அந்த அழுக்குத் தண்ணீரில் ஒவ்வொரு கல்லாகத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தன. அவர் என்னைக் கண்டுவிட்டார். முகம் கறுத்துப்போனது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. அவள் நித்திரையே கொள்ளுறாளில்லை. சாப்பிடுறாளில்லை. நான் என்ன செய்ய?"

"அதிலை எடுக்காதேங்கோ தம்பி" என்றேன். "அதிலை என்ரை மனுசன்ரை சப்பாத்து மண்ணும் கிடக்கு. கலந்தது சரிவராது."

என் சப்பாத்தை எடுத்துக் கவிழ்த்தேன். ஒரு மேசைக்கத்தியால் அடிப்பக்கக் குழிகளில் இறுகியிருந்ததையெல்லாம் சுரண்டி அவருடைய பைக்குள் விழுத்தினேன். வலது, பிறகு இடது. ஒழுங்காகச் செய்தேன். "ஈரமாக் கிடக்கு, காயவைச்சுப் போட்டு எரியுங்கோ. பால்கனியிலை வைச்சு எரியுங்கோ, இல்லாட்டி மணி அடிக்கும்" என்றும் சொன்னேன். அவர் பையை முடிந்துகொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் காலடியிலிருந்த நஞ்சை வாங்கிக்கொண்டு என்னையே கும்பிட்ட மனிதனை அன்றுதான் கண்டேன்.

கார் போனபிறகு சாமிப் படத்துக்கு முன்னால் நின்றேன். இத்தனை வருடத்தில் நான் செய்த ஒன்றையும் நான் நம்பியதில்லை. இதை நம்ப விரும்பினேன். அந்த மண் வேலை செய்ய வேண்டும், மிளகாய் கமறக்கூடாது, இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். அது வேலை செய்வதானால் என் கண் கொள்ளிக்கண்ணாக இருக்க வேண்டும், போன பிள்ளையைத் தின்றது நானாக இருக்க வேண்டும். வேறு கணக்கு இல்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று கும்பிட்டேன். என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

ஆனி மாதக் கடைசியில் தமிழ்க் கடைக்குப் போனேன். காசு வாங்கும் இடத்தில் நிற்கும் பெண் என்னோடு பெரிதாகக் கதைப்பதில்லை. அன்று கதைத்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லைபோலும்.

"உங்கடை கீழ்வீட்டிலை இருந்த பிள்ளைக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கு. நல்ல சுகம். தாயும் சுகம்."

முருங்கைக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். கடை நடுவில் நின்று அழுதேன். அவள் பொறுத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"காலடி மண் எடுத்து எரிச்சவையாம். ஒரு பிடி மிளகாய் போட்டும் ஒரு துளி கமறேல்லையாம். அதுக்குப் பேந்துதான் அவள் சாப்பிடத் துவங்கினவளாம், பிள்ளையும் துடிக்கத் துவங்கினதாம். உண்மையே அக்கா, உங்கடை மண்ணே அது?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் ஒன்றும் செய்யாதவள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று இன்னொருமுறை சொல்லியிருக்கலாம். அது ரொக்ஸ்பரோவுக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகாது. எரித்தது பொய்யாகிவிடும், அவளுக்குப் பழையபடி நித்திரை போய்விடும், பால் வற்றிவிடும்.

"ஓம்" என்றேன். "என்ரை மண்தான்."

அவள் மிச்சக் காசை என் கையில் தரவில்லை. மேசையில் வைத்து, விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.